குழலின் அடியில் எழுதிய வரலாறு: பழைய ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கியைப் படிப்பது எப்படி?

தூரத்தில் இருந்து பார்த்தால் முதல் உலகப்போர்க் காலத்து ராணுவ ரைஃபிள் போலவே இருக்கும். அதே மவுசர் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் உருளை), அதே உருவம். கையில் எடுத்துக் குழலுக்குள் எட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ரைஃபிளுக்கு உரிய சுருள் புரிகள் உள்ளே இல்லை. வழவழப்பான, அகலமான துளை மட்டும்தான் இருக்கிறது. பின்கட்டையில் வட்டமான சின்னப் பித்தளை வில்லை ஒன்று பதித்திருக்கும். அதில் ‘கேஹா’ என்று எழுதியிருக்கும்.

ஜெர்மன் பேரரசரின் படைக்காகச் செய்த ரைஃபிளை, போர் முடிந்தபின் வாத்தும் முயலும் சுடும் 12 போர் அல்லது 16 போர் (‘போர்’ என்பது இங்கே குழல் துளையின் அளவு) துப்பாக்கியாக மாற்றிய கதை அது. இப்படி இரண்டு வாழ்க்கை வாழ்ந்த துப்பாக்கிகள் ஜெர்மனியில் இருந்து கடல் கடந்து அமெரிக்கா வரை போயின. இன்று தாத்தாவின் அலமாரியில் ஒன்றைக் கண்டெடுக்கும் பேரன் கேட்கும் முதல் கேள்வி, “இதை யார் செய்தது?” என்பதுதான். உடனே குழலின் மேல் பொறித்த பெயரைத் தேடுகிறான். என் கருத்தில் அங்கேதான் தவறு ஆரம்பிக்கிறது. பழைய ஜெர்மன் துப்பாக்கியில் மேலே தெரியும் பெயரைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். முதலில் படிக்க வேண்டியது குழலின் அடியில், கட்டைக்குள் மறைந்திருக்கும் சின்னச் சின்ன முத்திரைகளை.

அதற்கு முன் ஒரு விஷயம். எவ்வளவு பழைய துப்பாக்கியானாலும், அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகே மற்ற வேலை. நாம் இங்கே பேசுவது வரலாற்றைப் படிக்கும் முறையை மட்டும்தான். நூறு வயதுத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கலாமா என்பதைத் தேர்ந்த துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் நேரில் சோதித்துச் சொல்ல வேண்டும். உரிமம் பற்றிய சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு.

சரி, முதலில் இந்தத் துப்பாக்கிகள் எங்கே பிறந்தன என்று பார்ப்போம்.

ஜெர்மனியின் நடுவே தூரிங்கியா என்ற காட்டு மலைப்பகுதி இருக்கிறது. அங்கே ஸூல் என்று ஒரு சிறு நகரம். சுற்றிலும் இரும்புத் தாது, கரிக்கு மரம், சம்மட்டியை ஓட்ட ஓடைத் தண்ணீர். பல நூற்றாண்டுகளாக அங்கே துப்பாக்கித் தொழில் நடந்தது. 1751-இல் தொடங்கிய சாவர், 1840-இல் வந்த ஹேனல், 1898-இல் வந்த மெர்க்கல் சகோதரர்கள், சிம்சன், கிரீக்ஹோஃப் எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள். பக்கத்திலேயே ட்ஸெல்லா, மெஹ்லிஸ் என்று இரண்டு ஊர்கள். பிற்காலத்தில் கைத்துப்பாக்கிக்குப் பெயர் வாங்கிய வால்தர் அங்கேதான் தொடங்கியது. ராணுவ ரைஃபிளுக்குப் பெயர் பெற்ற மவுசர் மட்டும் வெகு தொலைவில், தென்மேற்கே நெக்கர் ஆற்றங்கரையில் உள்ள ஓபெர்ன்டோர்ஃபில் இருந்தது.

ஸூலில் வேலை நடந்த விதத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நம் ஊரில் ஒரு பட்டுப்புடவை உருவாக நூல் சாயம் போடுபவர் ஒருவர், பாவு ஓட்டுபவர் ஒருவர், தறியில் உட்காருபவர் ஒருவர் வேண்டும். கடைசியில் கடைக்காரர் தன் பெயரை ஒட்டி விற்பார். ஸூலிலும் அப்படித்தான். குழல் செய்பவர் ஒரு வீட்டில், பூட்டு இயந்திரத்தை அரத்தால் அராவிப் பொருத்துபவர் இன்னொரு வீட்டில், வாதுமை மரக்கட்டை இழைப்பவர் வேறொரு தெருவில், கருவாலி இலையும் மானும் காட்டுப்பன்றியும் செதுக்கும் சித்திரவேலைக்காரர் மற்றொரு பட்டறையில். முடித்த துப்பாக்கியை பெர்லினிலோ லைப்சிக்கிலோ உள்ள கடைக்காரர் வாங்கித் தன் பெயரைக் குழலின் மேல் தங்க எழுத்தில் பொறித்து விற்பார். ஆக, மேலே தெரியும் பெயர் பல சமயம் விற்றவருடைய பெயர்தான். செய்தவரின் பெயர் குழலின் அடியில் இரண்டு எழுத்துச் சுருக்கமாக ஒளிந்திருக்கும். சில சமயம் அதுவும் இருக்காது.

இன்னும் ஒரு பெரிய ஏமாற்றம் உண்டு. ‘க்ருப் எஸ்ஸென்’ என்று குழலில் எழுதியிருந்தால், புதிதாகப் பார்ப்பவர்கள் பீரங்கி செய்த க்ருப் நிறுவனமே இந்தத் துப்பாக்கியையும் செய்தது என்று நினைத்துவிடுவார்கள். அப்படி இல்லை. குழலுக்கான எஃகு எஸ்ஸென் நகரத்து க்ருப் ஆலையில் உருக்கியது என்பதே அதன் பொருள். மூன்று வளையங்கள் ஒன்றோடொன்று பின்னிய அடையாளமும் க்ருப்பினுடையதுதான். ‘போலர்’ என்று இருந்தால் ஆஸ்திரிய எஃகு. ‘டி.ஆர்.பி.’ (D.R.P.), ‘டி.ஆர்.ஜி.எம்.’ (D.R.G.M.) என்ற எழுத்துகளும் செய்தவரின் பெயர்ச்சுருக்கம் அல்ல. முதலாவது ஜெர்மன் பேரரசின் காப்புரிமை, இரண்டாவது சிறு கண்டுபிடிப்புகளுக்கான பதிவு. இந்த இரண்டாவது பதிவு முறை 1891-இல்தான் வந்தது. அதனால் அந்த நான்கு எழுத்து இருந்தால் துப்பாக்கி 1891-க்கு முந்தியதாக இருக்க முடியாது. நிறுவனம் என்று நினைத்த எழுத்து இப்படிக் காலத்தைச் சொல்லிவிட்டுப் போகிறது.

இப்போது முத்திரைகளுக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

புதிதாகச் செய்த குழலில் வழக்கத்தைவிடக் கடுமையான மருந்து ஏற்றிச் சுட்டுப் பார்ப்பார்கள். வெடிக்காமல், வீங்காமல் தாங்கினால் முத்திரை குத்துவார்கள். நகைக்கு ஹால்மார்க் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் இங்கே சோதிப்பது தூய்மையை அல்ல, தாங்கும் வலுவை. ஜெர்மனி முழுவதற்கும் இதைக் கட்டாயமாக்கிய சட்டம் 1891 மே 19-இல் நிறைவேறி, 1893 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் ஜெர்மன் துப்பாக்கியின் அடிவயிற்றில் ஒரு சிறு மொழி உருவானது.

அந்த மொழியின் இலக்கணம் எளிது. மேலே ஒரு கிரீடம், கீழே ஓர் எழுத்து. கிரீடத்தின் கீழ் ‘பி’ (B) இருந்தால் ‘பெஷுஸ்’, அதாவது சுட்டுச் சோதித்தாயிற்று. ‘யு’ இருந்தால் சுட்ட பிறகு பரிசோதித்துப் பார்த்தாயிற்று. ‘ஜி’ இருந்தால் உள்ளே புரி வெட்டிய குழல், ரைஃபிள். ‘எஸ்’ இருந்தால் ‘ஷ்ரோட்’, அதாவது ரவை சுடும் வழவழப்பான குழல். ‘டபிள்யூ’ இருந்தால், ரவை பரவாமல் நெருக்கமாகப் போவதற்காக வாய்ப்பக்கம் லேசாகக் குறுக்கிய குழல். அந்த ஜெர்மன் சொல்லுக்குக் கழுத்தை நெரிப்பது என்றே அர்த்தம். ‘ஆர்’ இருந்தால் பழுது பார்த்து மீண்டும் சோதித்தது.

‘வி’ என்று ஒன்று இருக்கிறது. அது எனக்குத் தனியாகப் பிடிக்கும். ‘ஃபோராட்’ என்றால் கையிருப்பு. 1893-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது கடையிலும் பட்டறையிலும் விற்காமல் கிடந்த துப்பாக்கிகளைச் சுட்டுச் சோதிக்காமல் இந்த முத்திரை மட்டும் குத்தி விற்க அனுமதித்தார்கள். ஆக, கிரீடம்-வி இருந்தால் அந்தத் துப்பாக்கி 1893-க்கு முன்பே உருவாகி, அந்த வருஷம் யாரோ ஒரு வியாபாரியின் அலமாரியில் காத்துக்கொண்டிருந்தது. ஒரு சின்ன முத்திரைக்குள் அவ்வளவு செய்தி.

புகையில்லாத மருந்துக்குத் தனிச் சோதனை செய்ததற்கு அடையாளமான கிரீடம்-என் 1911 முதல் வருகிறது. 1939-இல் சட்டம் மாறியது. 1940 ஏப்ரல் முதல் கிரீடத்தின் இடத்தில் கழுகு உட்கார்ந்தது. இங்கே ஓர் எச்சரிக்கை: பழைய துப்பாக்கிகளிலும் கழுகு தனியாக ஒரு முத்திரையாக இருக்கும். எழுத்துக்கு மேலே, கிரீடம் இருக்க வேண்டிய இடத்தில் கழுகு நின்றால்தான் 1940-க்குப் பிறகு என்று கொள்ள வேண்டும்.

முத்திரைகளோடு எண்களும் வரும். வட்டத்துக்குள் 12 அல்லது 16 என்று இருந்தால் அது ஷாட்கன்னின், அதாவது ரவைத் துப்பாக்கியின், போர் அளவு. நம் ஊரிலும் ‘12 போர்’ என்று சொல்கிறோமே, அதே கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சம அளவில் பன்னிரண்டு உருண்டையாக்கினால் ஓர் உருண்டை எவ்வளவு பெரிதோ அதுதான் 12 போர் குழலின் அகலம். 16 உருண்டையாக்கினால் ஒவ்வொன்றும் சிறிதாகும். அதனால் 16 போர் 12-ஐவிடக் குறுகியது.

சரி, ஒரு ரைஃபிளின் அடியில் ‘172,28’ என்று இருந்தால்? வரிசை எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. இதுவும் அதே ஈய உருண்டைக் கணக்குதான். ஒரு பவுண்டில் 172.28 உருண்டை வருமளவுக்குச் சின்னது, அதாவது ஏறக்குறைய 7.6 மில்லிமீட்டர். ஜெர்மானியர்கள் தசமப் புள்ளிக்குக் காற்புள்ளி போடுவார்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கூடத்தில் படிப்படியான அளவுகளில் உருளைகள் வைத்திருப்பார்கள். குழலுக்குள் நுழையும் மிகப்பெரிய உருளையின் எண்ணைக் குத்துவார்கள். அதனால் உண்மையான துளை இந்த எண் சொல்வதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருக்கலாம். 1912-ஐ ஒட்டி இந்த முறையை விட்டு, மில்லிமீட்டரிலேயே எழுத ஆரம்பித்தார்கள். ஆகவே ஒரு ரைஃபிளில் மூன்று இலக்கத்தோடு தசமமும் உள்ள இந்த விசித்திர எண் இருந்தால், அது பெரும்பாலும் 1893-க்கும் 1912-க்கும் இடையே பிறந்தது. வேறு எதுவும் தெரியாவிட்டாலும் இருபது வருஷத்துக்குள் அடைத்துவிட்டோம்.

முதல் உலகப்போருக்குப் பிறகு வேலை இன்னும் சுலபம். 1920-களின் நடுப்பகுதியில் இருந்து சோதித்த மாதமும் வருஷமும் குத்தினார்கள். ‘8 29’ என்றால் 1929 ஆகஸ்ட். ‘532’ என்று சேர்த்து எழுதியிருந்தால் 1932 மே. பலர் இதைத் தோட்டா அளவு என்று நினைத்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய மேற்கு ஜெர்மன் முத்திரைகளில் வருஷம் எழுத்தாக இருக்கும். ஏ என்றால் 0, பி என்றால் 1, சி என்றால் 2, இப்படியே ஐ என்றால் 8, அப்புறம் ஜே எழுத்தைத் தாண்டி கே என்றால் 9. ‘எச்-சி’ (HC) என்று இருந்தால் 72, அதாவது 1972. பக்கத்திலேயே சோதித்த ஊரின் சின்னமும் இருக்கும். மான்கொம்பு என்றால் உல்ம் நகரம்.

தோட்டா அளவு பற்றி ஒன்று சொல்லாமல் போனால் அது பெரிய குற்றம். பழைய ஜெர்மன் ரைஃபிள்களில் அதிகம் பார்க்கக்கூடியது 8×57. இந்த ஒரே பெயரில் இரண்டு வகை உண்டு. 1888-இல் ராணுவத்துக்கு வந்த முதல் வகையின் குண்டு சுமார் 8.1 மில்லிமீட்டர். 1905 வாக்கில் ராணுவம் கூர்முனைக் குண்டுக்கு மாறியபோது அதன் தடிமன் 8.2 ஆனது. பார்வைக்கு முடியளவு வித்தியாசம். ஆனால் தடித்த குண்டைப் பழைய, குறுகிய குழலில் போட்டுச் சுட்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறிவிடும். வேட்டைத் துப்பாக்கி செய்தவர்களோ ராணுவம் மாறிய பிறகும் பல வருஷம் பழைய அளவிலேயே குழல் செய்துகொண்டிருந்தார்கள். புதிய வகையைக் குறிக்க ‘எஸ்’ சேர்ப்பார்கள். பழைய வகை வெறும் ‘ஐ’, காலாட்படையைக் குறிக்கும் ‘இன்ஃபான்டெரி’ என்ற சொல்லின் முதல் எழுத்து. பழைய ஜெர்மன் எழுத்து முறையில் ‘ஐ’யும் ‘ஜே’யும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் ஆங்கில நாடுகளில் இதை ‘ஜே’ என்றே படித்து, இன்றுவரை தோட்டாப் பெட்டிகளில்கூட அப்படியே எழுதுகிறார்கள். நீங்கள் தேடும்போது இரண்டு எழுத்திலும் தேட வேண்டும்.

முத்திரை சொல்லாத காலத்தை ஊர்ப்பெயர் சொல்லும். ட்ஸெல்லாவும் மெஹ்லிஸும் 1919-இல் ஒரே ஊராக இணைந்தன. அதனால் குழலில் ‘ட்ஸெல்லா-மெஹ்லிஸ்’ என்று சேர்த்து இருந்தால் 1919-க்குப் பிறகு; ‘ட்ஸெல்லா செயின்ட் பிளாஸி’ என்று பழைய பெயர் இருந்தால் அதற்கு முன்பு. கடைக்காரரின் ஊர் பிரெஸ்லாவ், ஸ்டெட்டின், கோனிக்ஸ்பெர்க் என்று இருந்தால் 1945-க்கு முன்பு. முதல் இரண்டும் இன்று போலந்தில் விரோட்ஸ்வாஃப், ஷெட்சின். மூன்றாவது ரஷ்யாவின் கலினின்கிராட். பெயருக்குப் பின்னால் ‘அரசவைத் துப்பாக்கித் தொழிலாளி’ என்ற பட்டம் இருந்தால் பெரும்பாலும் 1918-க்கு முன்பு, ஏனென்றால் அந்த நவம்பரில் ஜெர்மனியில் அரசர்களே இல்லாமல் போனார்கள். ஒரு வியாபாரி விளம்பரத்துக்காகப் பொறித்த வரி, இன்று வரைபடமும் அரசியலும் மாறிய தேதிகளை நமக்குக் காட்டுகிறது.

நிறுவனங்களின் கதையும் தேதி சொல்லும். சிம்சன் குடும்பம் யூதக் குடும்பம். நாஜிகள் 1935-இல் அவர்களிடம் இருந்து ஆலையைப் பறித்தார்கள். குடும்பம் நாட்டை விட்டே வெளியேறியது. ஆலை குஸ்ட்லோஃப் என்ற பெயரில் நாஜி அறக்கட்டளையின் கீழ் போனது. ஒரு நல்ல இரட்டைக்குழல் துப்பாக்கியில் ‘சிம்சன் உன்ட் கோ’ என்று பார்க்கும்போது அந்தக் குடும்பம் நினைவுக்கு வராமல் இருக்காது. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை ஸூலுக்குள் நுழைந்தது. ஜூலையில் ஊரை சோவியத் படையிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. அந்த மூன்று மாதத்தில் எத்தனையோ வேட்டைத் துப்பாக்கிகள் சிப்பாய்களின் மூட்டையில் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. சாவர் பிற்பாடு வடக்கே எக்கெர்ன்ஃபோர்டேயில் புதிதாகத் தொடங்கியது, கிரீக்ஹோஃப் உல்முக்குப் போனது. ஸூலில் மிஞ்சிய ஆலைகள் கிழக்கு ஜெர்மன் அரசின் கைக்கு வந்தன. ஆகவே சாவர் என்ற ஒரே பெயர், கீழே எழுதிய ஊரைப் பொறுத்து, முற்றிலும் வேறு இரண்டு காலத்தைக் குறிக்கும்.

துப்பாக்கியின் வகைப்பெயர்களையும் வேகமாகப் பார்த்துவிடலாம். ஜெர்மன் மொழியில் புரியுள்ள துப்பாக்கி ‘பியூக்ஸே’, புரியில்லாதது ‘ஃப்ளின்டே’. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் ‘பியூக்ஸ்ஃப்ளின்டே’. மூன்று குழல் இருந்தால் ‘ட்ரில்லிங்’; வழக்கமாக இரண்டு ரவைக்குழல், அதன் கீழே ஒரு ரைஃபிள் குழல். நான்கு என்றால் ‘ஃபியர்லிங்’. இத்தனை கலவை எதற்கு? அங்கே வேட்டைக்காரர் தனக்கென ஒதுக்கிய காட்டில் நடப்பார். முயலும் எதிரே வரலாம், காட்டுப்பன்றியும் வரலாம். எது வந்தாலும் கையில் இருக்கும் ஒரே துப்பாக்கி போதுமானதாக இருக்க வேண்டும். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படைக்காகக்கூட சாவர் நிறுவனம் இப்படி ஒரு ட்ரில்லிங் செய்தது. விமானம் விழுந்து உயிர் தப்பினால் உணவுக்கு வேட்டையாட என்று 1941, 1942-இல் வந்த அது இன்று சேகரிப்பாளர்கள் மிக விரும்பித் தேடும் பொருள்.

இப்போது கேஹாவுக்குத் திரும்புவோம். மாற்றியமைத்த துப்பாக்கியைப் படிப்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

1898 ஏப்ரலில் ஜெர்மன் ராணுவம் மவுசரின் புதிய ரைஃபிளை ஏற்றுக்கொண்டது. கேவேர் 98 என்று பெயர். ஓபெர்ன்டோர்ஃபில் மட்டும் செய்யவில்லை. ஸ்பான்டாவ், எர்ஃபுர்ட், டான்ட்ஸிக், ஆம்பெர்க் என்ற அரசு ஆயுதசாலைகளிலும், போர் வந்தபின் ஸூலின் தனியார் ஆலைகளிலும் லட்சக்கணக்கில் வார்த்துத் தள்ளினார்கள். 1918-இல் ஜெர்மனி போரில் தோற்றது. அடுத்த வருஷம் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மன் படையை ஒரு லட்சம் பேருக்குச் சுருக்கியது. மிச்சமிருக்கும் போர்க்கருவிகளை ஒப்படைக்க வேண்டும், அழிக்க வேண்டும் என்றது. நாட்டிலோ காசில்லை, வேலையில்லை. துப்பாக்கித் தொழில் தெரிந்த ஊர்களில் கைகள் சும்மா இருந்தன. அந்த நிலையில் ராணுவ ரைஃபிளின் குழலைக் கழற்றிவிட்டு, புரியில்லாத ரவைக்குழல் பொருத்தி விற்பது நல்ல வழியாகத் தெரிந்தது. அது போர்க்கருவியும் இல்லை, விலையும் மலிவு. கேஹா என்றும் ரெமோ என்றும் இரண்டு பெயரில் இவை சந்தைக்கு வந்தன. 1920-களில் அமெரிக்காவிலும் நிறைய விற்றன.

ஆனால் ராணுவத் தோட்டாவின் அடிப்பாகம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் அகலம். 12 போர் தோட்டாவின் விளிம்போ 22 மில்லிமீட்டருக்கும் மேல். அவ்வளவு பெரிய தோட்டா உள்ளே போக வழி வேண்டும். அதனால் குழல் வந்து பொருந்தும் அறை வளையத்தைக் குடைந்து பெரிதாக்கினார்கள், போல்ட்டின் முன்பக்கம் இருந்த இரண்டு பூட்டுப் பற்களை எடுத்துவிட்டார்கள். மவுசர் ரைஃபிளின் பலமே அந்த இரண்டு பற்கள்தான். அவை போனபின் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது பின்பக்கம் பாதுகாப்புக்காக வைத்திருந்த மூன்றாவது பல்லும் போல்ட் கைப்பிடியின் அடியும்தான். மேலே மவுசர் என்று எழுதியிருக்கிறது, மவுசர் என்றால் இரும்புக் கோட்டை என்று நம்பி இதில் இன்றைய தோட்டாவைப் போடுவது பெரிய தவறு. பெயர் சொல்லும் பலம் அதன் உடம்பில் இல்லை. தோட்டாவின் நீளத்திலும் சிக்கல் உண்டு. அந்தக் காலத்து அறைகள் பெரும்பாலும் 65 மில்லிமீட்டர். இன்றைய தோட்டா 70. நீளமான தோட்டா உள்ளே நுழைந்துவிடும், மூடவும் மூடிக்கொள்ளும். சுடும்போது அதன் வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும். கேஹாவில் மட்டும் இல்லை, இரண்டாம் உலகப்போருக்கு முந்தைய ஜெர்மன் 12, 16 போர் துப்பாக்கிகள் பலவற்றிலும் இதைப் பார்க்க வேண்டும்.

இதன் உடம்பில் இரண்டு வாழ்க்கையின் தழும்பும் இருக்கும். அறை வளையத்தின் பக்கவாட்டில் வரிசையாக, சின்னச் சின்ன கிரீடத்தோடு அலங்கார எழுத்துகள் மிஞ்சியிருந்தால் அவை ராணுவ ஆய்வாளர்களின் அடையாளம். வளையத்தின் மேல் ஆயுதசாலையின் பெயரும் 1915, 1916 போன்ற வருஷமும் சில சமயம் அழிக்காமல் இருக்கும், சில சமயம் அராவி எடுத்திருப்பார்கள். இவை முதல் வாழ்க்கை. குழலில் கிரீடம்-பி, கிரீடம்-யு, கிரீடம்-எஸ், வட்டத்துக்குள் போர் எண். இவை இரண்டாம் வாழ்க்கை. இரண்டிலும் கிரீடம் இருப்பதால்தான் குழப்பம் வருகிறது. ராணுவ ஆய்வாளரின் கிரீடம் வேறு, சோதனைக்கூடத்தின் கிரீடம் வேறு. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல், 1916-இல் ராணுவமே ஷாட்கன் செய்தது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

போரில் மிஞ்சியதை வேட்டைக்கு மாற்றுவது ஜெர்மனியில் மட்டும் நடந்ததும் அல்ல. அதற்கு முந்தைய தலைமுறையில் பிரெஞ்சுப் படை ஒதுக்கிய தபாட்டியேர் ரைஃபிள்களை பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்தில் ரவைத் துப்பாக்கியாக மாற்றி ‘ஜூலு’ என்ற பெயரில் வட அமெரிக்காவில் விற்றார்கள். ஏழை விவசாயிக்குக் கிடைத்த மலிவுத் துப்பாக்கி அது.

மாற்றம் எதிர்ப்பக்கமும் நடக்கும், அது கண்ணுக்கே தெரியாது. 1945-க்குப் பிறகு அமெரிக்கா போன 8×57 ரைஃபிள்களுக்கு அங்கே தோட்டா கிடைப்பது கடினமாக இருந்தது. அவர்களுடைய ராணுவ தோட்டா, அதாவது .30-06, எங்கும் கிடைத்தது. அதனால் அந்தத் தோட்டாவின் உறையை 8 மில்லிமீட்டர் குண்டுக்குப் பொருந்துமாறு கழுத்து விரித்து, துப்பாக்கியின் அறையையும் நீளமாகக் குடைந்தார்கள். வெளியே ஜெர்மன் முத்திரை அப்படியே இருக்கும், உள்ளே வேறு அளவு. முத்திரையை நம்பித் தோட்டா வாங்கக்கூடாது என்று சொல்வதற்கு இதுவே காரணம். தேர்ந்த தொழிலாளி அறைக்குள் எளிதில் உருகும் உலோகக் கலவையை ஊற்றி அச்சு எடுத்து, அதை அளந்து உண்மை அளவைச் சொல்வார். முத்திரை பிறந்தபோது என்ன அளவு என்று சொல்லும். அச்சு இன்று என்ன அளவு என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம்.

நடைமுறையில் எப்படி ஆரம்பிப்பது? கட்டையைக் கழற்றத் தெரிந்தவரைக் கொண்டு கழற்றி, குழலின் அடிப்பக்கத்தை முழுவதுமாகப் படம் எடுங்கள். விளக்கை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தால் தேய்ந்த முத்திரையின் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். சுண்ணாம்புக்கட்டியை லேசாகத் தேய்த்துத் துடைத்தாலும் தெரியும். மறந்தும் மணல்தாளோ மெருகு மாவோ போடாதீர்கள். பளபளப்பு வரும், ஆனால் முத்திரையும் வரலாறும் சேர்ந்தே தேய்ந்துபோகும். பார்த்த எல்லாக் குறிகளையும், பொருள் தெரிந்ததோ இல்லையோ, இருக்கும் இடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். முதலில் சட்டக் காலத்தை வைத்து வருஷத்தைச் சுருக்குங்கள், அப்புறம் ஊரை, அதன் பிறகே பெயரை. பெயர் கிடைத்தால் அந்த ஊரின் பழைய முகவரிப் புத்தகத்தில் தேடுங்கள். ஜெர்மன் நகரங்கள் வருஷாவருஷம் தெரு, தொழில் வாரியாக அச்சிட்ட புத்தகங்கள் அவை. பலவற்றை நூலகங்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஒரு துப்பாக்கிக் கடை எந்த வருஷம் எந்தத் தெருவில் இருந்தது, எப்போது இடம் மாறியது என்பதை அதில் பார்த்துவிடலாம். குழலில் தெருப் பெயரும் இருந்தால் அதிர்ஷ்டம்தான். ஸூல் நகரத்திலேயே ஆயுத அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. அந்த ஊர்ப் பட்டறைகளைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

கடைசியாக, கட்டையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நல்ல ஜெர்மன் வேட்டைத் துப்பாக்கிகள் பலவற்றில் விரல் நக அளவுக்கு ஒரு வெள்ளித் தகடு, நீள்வட்டமாகவோ கேடய வடிவிலோ, பதித்திருப்பார்கள். வாங்கியவர் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொள்ள விட்ட இடம் அது. சோதனைக்கூடம் அதில் எதுவும் குத்தாது, எந்தச் சட்டமும் அதைக் கேட்காது. சிலவற்றில் பின்னிய இரண்டு எழுத்துகளும் ஒரு வருஷமும் இருக்கும். பல தகடுகள் ஒன்றும் எழுதாமல் வெறுமையாகவே இருக்கும். எப்படி இருந்தாலும் அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.